தேங்காயும் மாசியும்
மரபுத்தொடர்கள் யாரை நகைக்கின்றன என்பது பற்றி

சீன மொழியிலே 'செங்யூ' எனப்படும் மரபுத்தொடர்கள் ஆயிரக்கணக்கில் வழங்குகின்றன. அவற்றுட் பெரும்பாலானவை நான்கே எழுத்துக்களால் அமைந்தவை; அந்நான்கு எழுத்துக்களுக்குப் பின்னே ஒரு கதை நிற்கும். 'அடிக்கட்டையைக் காத்திருந்து முயலை எதிர்பார்த்தல்' என்பது அவற்றுள் ஒன்று. சொங் நாட்டு உழவனொருவன் தன் வயலை உழுதுகொண்டிருந்தபோது, ஓடிவந்த முயலொன்று வயலின் நடுவே நின்ற அடிக்கட்டையில் மோதிக் கழுத்து முறிந்து இறந்தது. உழவன் அன்றே கலப்பையைக் கைவிட்டான். மற்றொரு முயலும் அவ்வாறே வந்து மோதும் என்ற நம்பிக்கையோடு கட்டையருகே அமர்ந்தான். முயல் வரவில்லை. நாடே அவனைக் கண்டு நகைத்தது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹான் பெய் என்னும் அரசியற் சிந்தனையாளரின் நூலில் இக்கதை காணப்படுகின்றது. உழைக்காது அதிர்ஷ்டத்தை நம்பியிருப்போனைக் குறிக்கச் சீனர் இன்றும் இத்தொடரை ஆளுகின்றனர்.

தமிழுக்கும் இம்முறை புதியதன்று. முன்றுறையரையனாரின் பழமொழி நானூறு, செய்யுள்தோறும் ஒரு பழமொழியைத் தாங்கி நிற்பது. கரிகாலன் கதையும் பாரி கதையும் அந்நூலுட் சுருங்கிக் கிடக்கின்றன. கதை சுருங்கித் தொடராகும்போது சில செய்திகள் உதிர்ந்து போகின்றன. சில எஞ்சி நிற்கின்றன. எவை உதிர்கின்றன, எவை எஞ்சுகின்றன என்பது மொழியியலார் ஆராய வேண்டியதொன்று. ஆயின் அதனுள் ஓர் அறவினாவும் அடங்கியுள்ளது. ஒரு தொடரை எடுத்தாளுபவன் அதன் பின்னுள்ள கதைக்கும் பொறுப்பாளியாவானா? அன்றி, 'எல்லோரும் சொல்வதைத்தானே நானும் சொன்னேன்' என்று அவன் விலகிவிடலாமா?

இவ்வினா என்னுள் எழுந்தது நூலகத்திலன்று. நான் மாணவனாக இருந்த காலத்தில், பல்கலைக்கழக விடுதியொன்றின் உணவுக்கூடத்தில் எழுந்தது. அன்று தேங்காய்ச் சம்பல் போதவில்லை. இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று நான் கேட்டேன். உடனிருந்த நண்பரொருவர், "உங்களுக்கு என்ன குறை? தேயிலைத் தூரைக் கிண்டினால் தேங்காயும் மாசியும் வருமே" என்றார். மேசையிலிருந்த அனைவரும் சிரித்தனர், நானும் சிரித்தேன். நண்பர் தீயவரல்லர், பின்னர் எனக்குப் பல உதவிகள் செய்தவர். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. காரணம் அவர் சொன்னது மட்டுமன்று. அதே தொடரைச் சிறுவயது முதல் திம்புள்ளப் பள்ளத்தாக்கில் எங்கள் லயத்துக் காம்பிராவில் நூறு முறை கேட்டு நூறு முறையும் சிரித்தவன் நான். அங்கே வலிக்காதது இங்கே ஏன் வலித்தது?

அத்தொடரின் கதை மலையகத்தார் யாவரும் அறிந்ததே. தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்ற கங்காணி, கண்டிச் சீமையில் தேயிலைத் தூரைக் கிண்டினாலே தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி ஆட்களைத் திரட்டினான். அவர்களும் அதை நம்பிக் கடல் கடந்தனர் என்பதே அக்கதை. இதனை இவ்வாறே எடுத்துக்கொண்டால் நம் முன்னோர் சொங் நாட்டு உழவனின் உடன்பிறந்தோர் ஆகிவிடுகின்றனர். அவன் கட்டையருகே முயலை எதிர்பார்த்தான். இவர்கள் செடியின் அடியிலே கறிக்கூட்டை எதிர்பார்த்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். சொல்லின் பொருள் அதன் வழக்கிலே உள்ளது; பிறப்பிலே இல்லை. ஒவ்வொரு சொல்லின் பிறப்பையும் ஆராய்ந்த பின்னரே வாய் திறக்கவேண்டுமெனில் உலகில் உரையாடலே நடவாது. இம்மறுப்பு நியாயமானதே. முயலுக்குக் காத்திருந்தவன் கதையை வகுப்பறையிற் பலமுறை கூறியிருக்கின்றேன். ஒருபோதும் என் மனம் உறுத்தியதில்லை. சொங் நாடு கி.மு. 286இல் அழிந்துபோயிற்று. அந்நாட்டான் எவனும் எழுந்து நின்று என்னைக் கேள்வி கேட்கப்போவதில்லை.

எனினும் அந்நாட்டானைப் பற்றியே சற்று ஆழ்ந்து பார்ப்போம். பண்டைச் சீன நூல்களில் வரும் மூடர்களுட் பலர் சொங் நாட்டவராகவே இருப்பதைக் காணலாம். நாற்று விரைவில் வளரவேண்டுமென்று ஒவ்வொன்றாக மேலே இழுத்துவிட்டுக் களைத்து வீடு திரும்பியவனும் சொங் நாட்டானே. அவன் கதையை மென்சியஸ் கூறுகின்றார். வானம் இடிந்து விழுந்துவிடுமோ என்று உண்ணாமலும் உறங்காமலும் வருந்தியவன் ச்சீ என்னும் சிறு நாட்டினன். இது தற்செயலாக நேர்ந்ததா? கி.மு. பதினோராம் நூற்றாண்டளவில் ஷாங் அரசைச் சௌ அரசு வென்றது. தோற்ற ஷாங் அரச குலத்தின் வழிவந்தோருக்குச் சொங் நாடு விடப்பட்டது. ஷாங்குக்கும் முற்பட்டதாகக் கருதப்படும் சியா குலத்தின் வழிவந்தோருக்கு விடப்பட்டதே அந்தச் சிறிய ச்சீ நாடு. ஆக, இக்கதைகளில் நகைப்புக்கு இலக்கானோர் தோற்கடிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள். ஆய்வாளர் பலரும் இத்தொடர்பைச் சுட்டியுள்ளனர். போர் முடிந்து பல நூற்றாண்டுகள் சென்ற பின்னரும் வென்றவர் பக்கத்து ஏளனம் கதைகளிலே தங்கிவிட்டது.

ஹான் பெய் அக்கதையைச் சொன்னது எதற்காக என்பதும் நோக்கத்தக்கது. உழவர்களைப் பழிப்பது அவருடைய நோக்கமன்று. பழங்கால மன்னர்களின் ஆட்சிமுறையைக் கொண்டே தம் காலத்து மக்களை ஆளலாம் என்று எண்ணிய ஆட்சியாளரைச் சாடவே அவர் முயலையும் கட்டையையும் எடுத்துக்கொண்டார். அம்பு ஏவப்பட்டது அரண்மனையை நோக்கி. கதை சுருங்கித் தொடரானபோது அரண்மனை உதிர்ந்துவிட்டது, உழவன் எஞ்சினான். அதிகாரம் உடையோனின் பிழையைச் சுட்டப் பிறந்த கதை, அது அற்றவனின் பிழையைச் சுட்டுவதில் முடிந்துவிடுகின்றது. 'தேங்காயும் மாசியும்' என்ற நம் தொடருக்கும் இதுவே நேர்ந்ததோ என்பது என் ஐயம்.

இனித் திம்புள்ளைக்கு வருவோம். தலவாக்கலை, லிந்துலை, பத்தனை, கொட்டகலை என்று விரியும் அப்பகுதியில் மலைச்சரிவு முழுவதும் தேயிலை. அந்த உயரத்திலே தென்னை காய்ப்பதில்லை. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து ஏறி வரவேண்டும். மாசியோ மாலைதீவுக் கடலின் மீன். அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தி, கட்டைபோல் இறுகிய பின் கப்பலேறி வருவது. இரண்டும் கடையில் காசு கொடுத்தோ, கடன் சொல்லியோ வாங்கவேண்டியவை. தேயிலைத் தூரிலே கிடைப்பவை எவை என்பதைக் கவ்வாத்து வெட்டியவர்களும் முள்ளுக் குத்தியவர்களும் அறிவர்: கல், வேர், அட்டை.

இங்கே என் ஊகமொன்றைச் சொல்கின்றேன். ஊகம் என்றே கொள்க. திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களின் வானம்பார்த்த பூமியிலிருந்து ஒருவனை ஆசை காட்டி அழைப்பவன் எதைக் காட்டுவான்? நெல்லைக் காட்டுவான், நிலத்தைக் காட்டுவான், காசைக் காட்டுவான். மாசியைக் காட்டுவானா? தூத்துக்குடிக் கரையோரத்தார் மாசியை அறிவர். உள்நாட்டுப் புன்செய் உழவனின் நாவுக்கு அது பழகிய பண்டமன்று. தேங்காயும் மாசியும் சேர்ந்து ஓர் இணையாவது இலங்கைச் சமையலறையிலேதான். அம்மியிலே இடித்த சம்பலிலேதான். எனவே இத்தொடர் ஆள் திரட்டிய ஊரிலே பிறந்திருத்தல் அரிது. இங்கு வந்து, இங்குள்ள சம்பலை உண்டு, அதன் விலையையும் அறிந்தவர்களே இதனை ஆக்கியிருக்க வேண்டும்.

வரலாறும் இந்த ஊகத்துக்குத் துணை நிற்கின்றது. மலைநாட்டில் முதலில் வந்தது தேயிலையன்று, கோப்பி. கோப்பிக் காலத்துத் தொழிலாளர் பெரும்பாலும் பருவத்துக்கு வந்து, பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். மன்னாரிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் பலர். அவ்வழியை நினைவுகூர்ந்து 2023இல், வருகையின் இருநூறாம் ஆண்டிலே, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் நிகழ்ந்தமை பலருக்கும் நினைவிருக்கும். 1869இல் கோப்பியிலே இலைநோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி வீழ்ந்து தேயிலை பரவிற்று. ஆகவே 'தேயிலைத் தூர்' என்ற சொல் வழக்குக்கு வரும் முன்பே, இரு தலைமுறை மக்கள் ஊருக்கும் மலைக்குமாகப் போய்வந்துவிட்டனர். போனவன் திரும்பி வந்து திண்ணையிலே கதை சொல்லியிருக்கின்றான். திரும்பாதவனின் வீட்டில் ஒப்பாரி எழுந்திருக்கின்றது. அத்தகைய ஊரிலே, செடியின் அடியிலே தேங்காய் கிடக்கும் என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பியவர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

பின் ஏன் வந்தனர் எனில், சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நிலவிய பெரும்பஞ்சம் ஒன்றே போதிய விடை. அவ்வாண்டுகளில் கடல் கடந்தோர் பெருந்தொகையினர். ஊரிலிருந்தால் சாவு உறுதி. போனால் சாவு உறுதியன்று. இக்கணக்கைப் போட்டவன் மூடனல்லன்.

ஏமாற்று எதுவும் நிகழவில்லை என்று நான் கூறவில்லை. அது செடியின் அடியிலன்றிக் கணக்குப் புத்தகத்திலே நிகழ்ந்தது. வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கடனாயிற்று. கடன் தீரும்வரை அவன் தோட்டத்தை விட்டு விலக இயலாது. வேறு தோட்டத்துக்குப் போகவேண்டுமெனில் 'துண்டு' வேண்டும். அவன் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்துவோர் அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிய சீட்டே துண்டு எனப்பட்டது. ஆளைக் காகிதத்திலே கைமாற்றிய இம்முறை 1921இலேதான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. படித்த கணக்கனும் பிடிக்க இயலாத இந்த ஏமாற்றை விட்டுவிட்டு, குழந்தையும் நம்பாத தேங்காய்க் கதையை மட்டும் நினைவில் வைத்திருப்போமாயின், நாம் கங்காணிக்கும் துரைக்கும் பெரிய உபகாரம் செய்தவர்களாவோம்.

லயத்துக் காம்பிராவிலே அத்தொடர் வழங்கிய முறையை இப்போது எண்ணிப் பார்க்கின்றேன். என் அப்பாயி அதனைச் சொல்லக் கேட்டதெல்லாம் ஒரே வகையான தறுவாய்களில்: தேர்தற் காலத்தில் வீடு கட்டித் தருவதாக ஒருவர் கூறிச் சென்றபோது, கூரைத் தகரம் அடுத்த மாதம் வரும் என்று தோட்டத்து அலுவலர் சொன்னபோது. அச்சொல்லிலே நகைக்கப்பட்டவர் வாக்குறுதி தந்தவரே. 'இவரும் கங்காணிதான்' என்பதே அதன் பொருள். தம் பாட்டன்மாரைப் பற்றிய சிறு கேலியும் அதிலே கலந்திருந்தது உண்மை. ஆயின் அது வீட்டுக்குள்ளே தம்மைத் தாமே எள்ளிக்கொள்ளும் உரிமைக் கேலி. விடுதி மேசையிலே அதே சொற்கள் கூறப்பட்டபோது கங்காணி மறைந்துவிட்டான். நம்பியவன் மட்டும் தனியே நின்றான். சொற்கள் மாறவில்லை, அவற்றைச் சொல்பவர் நின்ற இடம் மாறிற்று. வழக்கே பொருள் என்ற வாதத்தை நான் ஏற்பேன். ஏற்பதனாலேயே, யாருடைய வழக்கு என்றும் கேட்பேன். தொடருக்கு இரண்டு கதைகள் இருக்குமாயின், அதனை ஆளுபவன் அறிந்தோ அறியாமலோ அவற்றுள் ஒன்றைத் தேர்ந்துவிடுகின்றான். அறியாமை குற்றத்தைக் குறைக்கலாம். ஆயின் கேட்டுக்கொண்டிருப்பவன் அதே மேசையில் இருக்கும்போது, அறிந்துகொள்ளும் வழியும் அங்கேயே இருக்கின்றது. அவனைக் கேட்டால் போதும்.

குற்றவாளியை விட்டுவிடாத மரபுத்தொடர்களும் உள. 'மானைச் சுட்டிக் குதிரை என்றல்' என்பது அத்தகையது. கி.மு. 207இல் ச்சின் அரசின் அமைச்சன் ஜாவ் காவ், பேரரசன் முன் ஒரு மானைக் கொணர்ந்து நிறுத்தி, இது குதிரை என்றான். அவையோரிற் சிலர் வாய் திறக்கவில்லை. சிலர் குதிரைதான் என்றனர். மான் என்று உண்மை கூறியவர்களை அவன் பின்னர்த் தண்டித்தான். வரலாற்றாசிரியர் சீமா சியன் இதனைப் பதிந்துள்ளார். இரண்டாயிரம் ஆண்டுகள் கழிந்தும் அத்தொடரைக் கேட்பவருக்கு இகழ்ச்சி ஜாவ் காவ் மீதே செல்கின்றது. மானை எவரும் நகைப்பதில்லை.

'கள்ளத்தோணி' என்ற சொல்லை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். இந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு வந்தோரைப் போலப் பதிவு செய்யப்பட்டோர் இத்தீவில் வேறு எவர்? மண்டபம் முகாமிலே நோய்த்தடுப்புக்காக நிறுத்தி வைக்கப்பட்டனர். எண் பொறித்த தகரத் துண்டு கொடுக்கப்பட்டது. தோட்டத்துச் செக்றோலிலே நாள்தோறும் பெயர் ஏறிற்று. 1914 முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்குமிடையே அரசறிய ஓடிய கப்பலிலே வந்தவர்களும் இவர்களே. இவர்களே பின்னர்க் கள்ளத்தோணிகள் என அழைக்கப்பட்டனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து எழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை நாடாளுமன்றம் சென்றார். 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி உடன்படிக்கை ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. அதனுள் அடங்காதோரைப் பற்றிய முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலே நிறைவேறிற்று. மான் மான்தான் என்று சட்டம் ஒப்புக்கொள்ள ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன. அந்தச் சொல்லோ இன்னும் சிலர் நாவிலே உள்ளது. 'தோட்டக்காட்டான்' என்பதும் அவ்வாறே. அது பிற இனத்தார் நமக்கு இட்ட பெயரன்று. தமிழர், தமிழரைத் தமிழிலே அழைத்த பெயர். தமிழ்ச் சங்க மலரொன்றில் எழுதுகின்றேன் ஆதலின் இதனை மறைத்துச் செல்ல மனம் வரவில்லை.

இனி ஒரு கதை. குரங்கு வளர்த்த ஒருவன், "காலையில் மூன்று கொட்டை, மாலையில் நான்கு" என்றான், குரங்குகள் சினந்தன. "அப்படியாயின் காலையில் நான்கு, மாலையில் மூன்று" என்றான், அவை மகிழ்ந்தன. சுவாங்சு நூலிலே இது வருகின்றது. லியெட்சு என்னும் நூல் இவனையும் சொங் நாட்டானாக்கி, அறிவிலிகளை அறிஞன் ஆள்வதும் இவ்வாறே என்று அவனைச் சான்றோனுக்கு ஒப்பிடுகின்றது! இன்றைய சீனத்திலோ 'காலை மூன்று, மாலை நான்கு' என்பது மனம் நிலையில்லாதவனைக் குறிக்கும். கூட்டுத்தொகையை மாற்றாமலே மகிழ்ச்சியை விளைவித்த தந்திரம் தொடரிலிருந்து முழுதும் மறைந்துவிட்டது.

2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தப்படி தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் அடிப்படை 500 ரூபாய். வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப்பங்காக 30. ஆக 730. ஆயிரம் ரூபாய் அடிப்படைச் சம்பளம் கோரி 2018 டிசம்பரில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரியில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று: அடிப்படை 700, விலைப்பங்கு 50, மற்ற இரண்டும் நீக்கப்பட்டன. ஆக 750. இருநூறு கூடியதாக முழங்கப்பட்டது, கூடியது இருபது. அடிப்படை உயர்ந்தால் சேமலாப நிதி உயரும் என்பதையும், நீக்கப்பட்ட கொடுப்பனவுகள் எல்லோருக்கும் எல்லா நாளும் கிடைத்தவையல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். ஆயினும் குரங்குக்காரன் நினைவுக்கு வராமற் போகவில்லை. வந்தவுடன் கூசினேன். அத்தொடரை இங்கே பொருத்தினால் கொழுந்து பறிக்கும் பெண்கள் யாராகின்றனர்? அவர்கள் மகிழவில்லையே! நிறை குறைந்தால் முழு நாள் மலையில் நின்றும் 'அரைப்பேர்' மட்டுமே பெற்றவர்கள் அவர்கள். ஒரு நாள் உழைப்புக்குத் தோட்டத்து மொழியில் 'பேர்' என்று பெயர்; பாதிச் சம்பளமெனில் பாதிப் பெயர். கூட்டல் கழித்தலை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தச் செய்தியை வானொலி அறிவித்த நாளில் நான் ஊரிலிருந்தேன். எண்பதைக் கடந்துவிட்ட அப்பாயி திண்ணையிலமர்ந்து விரல்களை மடக்கி மடக்கிக் கணக்குப் பார்த்தார். பீலிக்கரையில் குடத்தோடு நின்ற பெண்கள் எழுநூறு எழுநூறு என்று பேசிக்கொண்டிருந்தனர். அப்பாயி அவர்களை நோக்கி, "கூட்டிப் பாத்தீங்களா புள்ள? இருவது ரூவா. தூரக் கிண்டிப் பாருங்க, மிச்சத்துக்குத் தேங்காயும் மாசியும் கெடக்கும்" என்றார். பீலிக்கரை முழுவதும் சிரித்தது. மலை ஏறிவந்த பாட்டன்மாரை எண்ணி எவரும் அன்று சிரிக்கவில்லை.